சைக்கிளுக்குப் பூசிய சந்தனம்

என் சைக்கிளில் துருப்பிடித்த இடங்களைவிடச் சந்தனம் பிடித்த இடங்களே அதிகம். ஆயுத பூஜைக்கு வண்டியைக் கழுவுவது, எண்ணெய் போடுவது எல்லாம் எனக்கு ஆகாது. ஆனால் முன்சக்கரத்தை இருபுறமும் தாங்குகிற ஃபோர்க் இருக்கிறதே, அதன் இரண்டு கால்களும் சேருமிடத்தில், போன வருஷத்துச் சந்தனத்தின் மேலேயே இந்த வருஷத்துச் சந்தனத்தையும் அப்பிக் குங்குமம் வைத்துவிடுவேன். பழையதைச் சுரண்டினால் பாவம் என்று யாரோ சொன்னதாக நினைவு. சோம்பேறிக்கு வசதியான பாவம்.

எனக்கு ஸ்கூட்டர் வந்ததும் சைக்கிள் மகளுக்குப் போனது. ஸ்ரீரங்கத்திலிருந்து காவிரிப் பாலம் தாண்டிக் கல்லூரிக்குப் போக, திங்கட்கிழமை முதல் அவளுக்கு அதுதான் வண்டி. ஞாயிறு காலை தெருவில் ஓட்டிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்துக்கொண்டு வந்தாள்.

"அப்பா, பிரேக் பிடிச்சா முன்னாடி டக்குன்னு சத்தம் வருது."

"குரைக்கிற நாய் கடிக்காதும்மா."

"இது நாய் இல்லப்பா. கடைல காட்டிட்டுக் குடுங்க."

"கடைக்குப் போனா இல்லாத நோயெல்லாம் சொல்லுவாங்க. நீ நின்னு பாரு."

நானே ஏறினேன். தெருக்கோடியில் வேகத்தடை. அதில் இறங்கியதும், மகள் பார்க்கிறாளே என்று பிரேக்கை நன்றாக அழுத்தினேன். டக். வண்டி மூக்கைத் தரையில் குத்தி உட்கார்ந்தது. நான் மட்டும் போய்க்கொண்டே இருந்தேன்.

பின்னால் பூக்கூடையோடு வந்த மாமி கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். "கோபுரம் தெரிஞ்சா கையைக் கூப்பினாப் போறாதா? நடுரோட்டுலயே சாஷ்டாங்கமா விழணுமா?"

மகள் ஓடி வந்து என் வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லை எண்ணினாள். எல்லாம் இருந்தன. முழங்கைத் தோல்தான் தெருவோடு போனது.

சைக்கிள் கடைக்காரர் ஈரத்துணியால் ஃபோர்க்கைத் துடைத்தார். என் பக்தி ஏடு ஏடாக உரிந்தது.

"பாருங்க சார். பளபளன்னு இருக்கிற பாதி இன்னைக்கு உடைஞ்சது. துருப்பிடிச்சிருக்கிற பாதி ரொம்ப நாளா விட்டிருக்கு. நீங்க விரிசலுக்குத்தான் பொட்டு வெச்சிருக்கீங்க."

மகள் என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தேவலை.

"வெல்டிங் வெச்சுடலாமா? திருச்சியில வெல்டிங்குக்கா பஞ்சம்?" என்றேன்.

"பாய்லருக்கே வெல்டிங் வைக்கிற ஊருதான் சார். ஆனா இது சைக்கிள் ஃபோர்க். ஒட்டுன இடம் நிக்கும், பக்கத்துல சூடு பட்ட இடம் விட்டுடும். பாப்பா பாலத்துல போறப்ப விட்டா?"

பர்ஸை எடுத்தேன். எனக்குப் பின்னால் வந்தது பூக்கூடை மாமி. பாலத்தில் மகளுக்குப் பின்னால் பஸ் வந்திருக்கும்.

புது ஃபோர்க் மாட்டி, அவரே பிரேக்கைப் பத்துத் தடவை பிடித்துப் பார்த்த பிறகுதான் வண்டியை வெளியே எடுத்தோம்.

அதற்கடுத்த ஆயுத பூஜைக்கு நான் சந்தனக் கிண்ணத்தோடு போனால், மகள் வண்டியைக் கவிழ்த்துப் போட்டு ஃபோர்க்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். போன் வெளிச்சத்தில் இரண்டு கால்களையும் உற்றுப் பார்த்தாள், நகத்தால் தடவினாள். எனக்குக் கை வலிக்கிற வரை கிண்ணத்தைப் பிடித்தபடி நின்றேன்.

"நாய் குரைக்கலப்பா. இப்ப வைங்க. சின்னதா."