பாரிஸ் விடுதியிலிருந்து புறப்பட்ட ஏழு தட்டுகள்

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு பாரிஸில் இறங்கினேன். விமான நிலையத்திலிருந்து நகருக்குள் போகும் ரயிலுக்குப் பதிமூன்று யூரோ. நம் பணத்தில் ஆயிரத்து முந்நூறுக்கு மேல். அதைக் கொண்டு புதுச்சேரியிலிருந்து சென்னைக்கு ஆறேழு தடவை பஸ்ஸில் போய்விடலாம். அதோடு கணக்குப் போடுவதை நிறுத்திக்கொண்டேன். இல்லாவிட்டால் இந்த ஊரில் தண்ணீர்கூடக் குடிக்க முடியாது.

நான் புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் அட்டைப்பெட்டி செய்யும் கம்பெனியில் வேலை பார்க்கிறவன். புது ஆட்களிடம் பேச வாய் வராது. அப்படிப்பட்டவன் தனியாக இவ்வளவு தூரம் வந்ததற்குக் காரணம் என் தங்கை சுமதியின் மகள் மீனு. மூன்று வயது. ஞாயிற்றுக்கிழமை அவளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தானே குத்த வேண்டும்?

தங்கை வீடு பாரிஸுக்கு வெளியே சார்செல் என்ற ஊரில். இரண்டே அறை. அதில் ஏற்கெனவே அவள் மாமியார், நாத்தனார் குடும்பம் எல்லாரும் இருந்தார்கள். அதைவிட முக்கியம், தாய்மாமன் சீர் வெளியிலிருந்து வர வேண்டும். உள்ளேயே தங்கி உள்ளேயே கொடுத்தால் அது சீர் ஆகாது. அதனால் லா ஷபெல் பகுதியில், விழா நடக்கும் மண்டபத்திலிருந்து முக்கால் கிலோமீட்டர் தூரத்தில் ஒரு மலிவு விடுதியில் எனக்குப் படுக்கை பதிவு செய்திருந்தாள். கார் து நோர் ஸ்டேஷனில் இறங்கிப் பதினைந்து நிமிட நடை.

அறை இல்லை, படுக்கை மட்டும்தான். ஒரு இரவுக்கு முப்பத்தெட்டு யூரோ. ஒரே அறையில் ஆறு பேர், ஈரடுக்குக் கட்டில் மூன்று. எனக்கு மேல்தட்டு. கீழ்த்தட்டில் ஒரு பெண்மணி உட்கார்ந்து காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். தவறான அறைக்குள் வந்துவிட்டேன் என்று பயந்து வெளியே ஓடி, வரவேற்பில் இருந்த கரீம் என்பவரிடம் சாவி அட்டையைக் காட்டினேன். அவர் அறை எண்ணைப் பார்த்துச் சிரித்து, சரியான அறைதான் என்று கையைக் காட்டினார். இங்கே ஆண் பெண் எல்லாரும் ஒரே அறையாம். அந்த அம்மாள் பெயர் லூசியா, போர்ச்சுகல்காரர், அறுபது வயதிருக்கும். மற்றவர்கள் கொரியாவிலிருந்து வந்த புதுமணத் தம்பதி, தரைக்கு டைல்ஸ் ஒட்டும் வேலைக்கு வந்திருந்த போலந்து அண்ணன் தம்பி. இருவரும் கதவளவு உயரம்.

நான் எல்லாருக்கும் பிரெஞ்சு வணக்கமாக ஒரு பொன்ழூர் சொல்லிவிட்டு மேலே ஏறிப் போர்த்திக்கொண்டேன். இரண்டு நாள் அவ்வளவுதான் என் பேச்சு. ஆனால் விடுதி பிடித்துப்போயிற்று. வெந்நீர் நிற்காமல் வந்தது. மெத்தை சுத்தம். நிலவறையில் பொதுச் சமையலறை, வேண்டியதைச் சமைத்துக்கொள்ளலாம். கண்ணாடிபோல் துடைத்து வைத்திருந்தார்கள்.

சனிக்கிழமை லா ஷபெல் கடைத்தெருவுக்குச் சுமதி வந்தாள். அங்கே நம் கடைகள்தான். வாழைப்பழம், வெற்றிலை, தேங்காய், கல்கண்டு, மல்லிகைச்சரம்கூடக் கிடைத்தது. சரம் ஒன்று ஐந்து யூரோ. எவர்சில்வர் தட்டு ஏழு வாங்கினோம். அதிரசம், பட்டுப்பாவாடை, வளையல், கம்மல் எல்லாம் என் மனைவி ஊரிலிருந்து கட்டிக் கொடுத்திருந்தாள். அவளுக்கும் என் தம்பிக்கும் விசா கிடைக்கவில்லை. அங்கேதான் சிக்கல்.

“தட்ட யாருண்ணே எடுத்துனு வருவாங்க?” என்றாள் சுமதி.

“நான்தான். மூணு நடை நடந்தா ஆச்சு.”

“மூணு நடையா? அது சீர் இல்லண்ணே, வீடு காலி பண்றது.”

“உன் கொழுந்தன்மாருங்க ஒரு கை புடிச்சா?”

“வாங்குறவங்களே போய்த் தூக்கினு வந்தா ஊரு சிரிக்காது? என் ஓரகத்தி புள்ளைக்கு அவங்க மாமன் பக்கம் இருவது பேரு மேளத்தோட வந்தாங்க. எங்க மாமியாரு தினம் கேக்குறாங்க, உங்க பக்கம் எத்தன பேருன்னு.”

அவள் புகுந்தது பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களின் குடும்பம். எங்கள் ஊரில் சொல்தா வீடு என்போம். அந்த வீட்டில் என் தங்கை தலை குனிய நான் காரணமாகிவிடுவேனோ என்பதே எனக்குக் கவலை. அவளை ரயிலேற்றிவிட்டு வந்து படுத்தேன்.

ஞாயிறு காலை ஏழு மணிக்குக் குளித்துவிட்டு, சமையலறையின் நீள மேஜையில் ஏழு தட்டையும் அடுக்கினேன். ஊரில் சீர்த்தட்டை நடுக்கூடத்தில் பரப்பி வைப்போம். வருகிறவர்கள் நின்று பார்ப்பார்கள், ஒருவரும் தொடமாட்டார்கள். அந்தப் பழக்கத்தில் அப்படியே விட்டுவிட்டு வேட்டி கட்ட மேலே போனேன்.

திரும்பி வந்தபோது அதிரசத் தட்டில் மூன்றுதான் மிச்சம். போலந்து அண்ணன் வாயில் ஒன்று, கையில் ஒன்று. கொரியாப் பெண் வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்தாள். லூசியா காபியோடு கல்கண்டு கடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எல்லாரும் சந்தோஷமாகக் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார்கள். ஊருக்குத் திரும்புகிறவர்கள் மிஞ்சிய தின்பண்டத்தை அந்த மேஜையில் வைத்துவிட்டுப் போவார்களாம். யார் வேண்டுமானாலும் எடுக்கலாமாம். எனக்கு எப்படித் தெரியும்?

வேட்டியோடு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். லூசியா என் முகத்தைப் பார்த்துவிட்டு, மொழிபெயர்க்கும் செல்போனை என் வாயருகே நீட்டினார். மனிதர் முகத்தைப் பார்த்துப் பேசத்தான் எனக்குக் கூச்சம். போனிடம் என்ன கூச்சம்? சுமதி, மீனு, மாமியார், மூன்று நடை எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். போன் அதை எல்லாருக்கும் புரியும் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல, போலந்துக்காரர் வாயில் இருந்ததை மெல்லவும் இல்லை, விழுங்கவும் இல்லை.

லூசியா ஏதோ சொன்னார். போன் வானொலிச் செய்தி வாசிப்பவர்போல் தமிழில் சொன்னது: “நாங்கள் மிகவும் வருந்துகிறோம். தட்டுகள் ஏழு. உங்களையும் சேர்த்து நாங்கள் ஆறு பேர். ஒரு நபர் குறைகிறார்.”

அதற்குள் போலந்துத் தம்பி மாடிப்படியில் தடதடவென்று ஏறி, வரவேற்பில் அன்றைய இரவு வேலையை முடித்துக் கிளம்பிக்கொண்டிருந்த கரீமைக் கோட்டோடு இழுத்து வந்துவிட்டார்.

அடுத்த ஒரு மணி நேரம் விடுதியே கல்யாண வீடானது. அண்ணன் அடுமனைக்கு ஓடி சுடச்சுடப் பிறைவடிவ ரொட்டிகளை வாங்கி வந்து அதிரசத் தட்டை நிரப்பினார். கொரியர்கள் வாழைப்பழம் போன இடத்தில் ஆரஞ்சுப் பழம் அடுக்கினார்கள். லூசியா தன் பேத்திக்கு வைத்திருந்த பாதாம் பிஸ்கட் டப்பாவைக் கல்கண்டுத் தட்டில் கவிழ்த்தார். நான் பெண்கள் தலையில் மல்லிகை வைக்கச் சொன்னேன். தட்டை நெஞ்சுக்கு நேராகப் பிடிக்க வேண்டும், இறக்கக் கூடாது என்று நடந்து காட்டினேன். இவ்வளவு பேசியது நான்தானா என்று எனக்கே ஆச்சரியம்.

பத்து மணிக்குப் புறப்பட்டோம். முன்னால் தேங்காய்த் தட்டோடு நான், பின்னால் வரிசையாக ஆறு பேர். மேளம் இல்லை, லூசியா தன் ஊர்ப் பாட்டொன்றை எடுத்துவிட்டார். காய்கறிக் கடைக்காரர்கள் வெளியே வந்து கை தட்டினார்கள். பச்சை விளக்கு விழுந்தும் ஒரு பஸ் எங்களுக்காக நின்றது. போலந்து அண்ணன், தட்டு அசையக் கூடாது என்று மூச்சைக்கூட அளந்து விட்டு நடந்தார்.

மண்டப வாசலில் ஆரத்தியோடு சுமதி நின்றாள். என்னைப் பார்த்தாள், பின்னால் பார்த்தாள், கடைசித் தட்டுவரை பார்த்தாள். மாமியார் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

“மோன் தியே, கடவுளே! இன்னா தம்பி, உங்க சனத்துல இவங்கல்லாம் எப்போ சேந்தாங்க?”

நான் வாய் திறப்பதற்குள் சுமதி முந்திக்கொண்டாள். “எங்கண்ணன் கூட்டினு வந்தா எங்க சனம்தான் அத்தை. வழி விடுங்க, தட்டு கனமா இருக்குது.”

மீனு என் மடியில் உட்கார்ந்து, பத்தர் காதைத் தொடும் முன்பே ஊரைக் கூட்டினாள். போலந்துத் தம்பி கன்னத்தை உப்பிக் காட்டவே அழுகையை மறந்தாள். அதற்குள் ஒரு காது முடிந்தது. மாமன் வீட்டார் என்பதால் முதல் பந்தி எங்களுக்குத்தான். மாமியாரே நின்று லூசியாவுக்கு இரண்டாவது முறை பாயசம் ஊற்றினார்.

திங்கட்கிழமை காலை விடுதியைக் காலி செய்தேன். எங்கள் ஊரில் ஒருவரை நம்மவர் என்று சொல்ல, எந்த ஊர், யார் பிள்ளை என்று நாலு கேள்வியாவது கேட்போம். இங்கே ஒரே அறையில் நான்கு இரவு தூங்கினது போதுமாக இருந்தது. அறைக்காரர்கள் என்னைக் கார் து நோர்வரை வந்து வழியனுப்பினார்கள்.

ரயில் கிளம்பியதும் சுமதி கூப்பிட்டாள்.

“அண்ணே, மாமியாரு ஒண்ணு கேக்கச் சொன்னாங்க. அடுத்த மாசம் அவங்க தம்பி பேரனுக்குக் காது குத்துறாங்களாம். தட்டு தூக்க உன் ஆளுங்க வருவாங்களான்னு.”

“முடியாதுன்னு சொல்லு,” என்றேன். பெட்டியில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாகவே சொன்னேன். “அவங்க நம்ம பக்கம், பொண்ணு வீட்டுக்காரங்க.”