எங்கள் வீட்டுக்கு வந்த எலிக்காய்ச்சல்

கிணத்துக்கடவுக்குப் பக்கத்தில் தோட்டத்திலேயே எங்கள் குடித்தனம். தென்னையும் சில கறவை மாடுகளும்தான் பிழைப்பு. போன ஐப்பசியில் மழை விடாமல் பிடித்துக்கொண்டதில் மாடுகள் நிற்கும் கட்டுத்தரை முழுவதும் சேறும் கோமியமுமாகக் கிடந்தது. என் வீட்டுக்காரர், குதிகால் வெடிப்போடு வெறுங்காலில் அதற்குள் இறங்கி, அடைத்திருந்த வாய்க்காலைக் கையாலேயே அள்ளிப்போட்டார். பூட்ஸ் போடச் சொன்னால் மாடு மிரளும் என்பார். எந்த மாடும் அப்படிச் சொன்னதாக எனக்குத் தெரியாது.

அடுத்த வாரம் காய்ச்சல். மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டார். கெண்டைக்கால் வலி தாங்காமல் சுவரைப் பிடித்து நடந்தார். சிவந்திருந்த கண்ணில் பிறகு மஞ்சளும் தெரிந்தது. அவ்வளவுதான். அவருடைய பெரியம்மா வந்து, இது வெறும் காமாலை, கீழாநெல்லி போதும், ஊசி கீசி போட்டுவிடாதே என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். இவரும் மறுபேச்சில்லாமல் குடித்தார். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று நான் சொன்னது மட்டும் யார் காதிலும் ஏறவில்லை.

என் தம்பி நியூசிலாந்தில் ஒரு பால் பண்ணையில் வேலை பார்க்கிறான். அவன் போன் செய்தபோது எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தேன். ஒன்றுக்கு ஒழுங்காகப் போகிறாரா என்று கேட்டான். நேற்றிலிருந்து சரியாகப் போகவில்லை என்றேன்.

"அக்கா, அது எலிக்காய்ச்சலா இருக்கும். எலியால மட்டுமில்ல, மாட்டு மூத்திரத்துலயும் வரும். இங்க மாடுகளுக்கே அதுக்குத் தடுப்பூசி போடறாங்க. மச்சானை இப்பவே கூட்டிட்டுப் போ."

பூட்ஸும் கையுறையும் இல்லாமல் அங்கே யாரும் பால் கறக்கப் போவதில்லை என்றும் சொன்னான். அதை இவரிடம் சொன்னேன். "அங்க குளுருக்குப் போடறாங்க அம்மணி" என்று முனகினார். பக்கத்துத் தோட்டத்துக்காரரின் காரை வரச்சொல்லி, இவரை ஏற்றிக் கோயமுத்தூர் கொண்டுபோனேன்.

ஆஸ்பத்திரியில் டெங்கு பரிசோதனைக்கு எழுதினார்கள். நான் குறுக்கே புகுந்தேன்.

"டாக்டருங்க, இவுரு மாட்டுச் சேத்துல வெறுங்காலோட நின்னவருங்க. எலிக்காய்ச்சலுக்கும் பாத்துருங்க."

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். இதை முதலிலேயே சொல்லக்கூடாதா என்றார். யார் கேட்டார்கள்?

அதுவேதான். சிறுநீரகம் வரை தொட்டிருந்தது. ஊசி ஏற ஏறக் காய்ச்சல் இறங்கி, சிறுநீரும் பிரிந்தபோதுதான் எனக்கு உட்காரத் தோன்றியது. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் சொன்னார், கேரளாவில் மழைக்காலத்தில் சேற்றில் வேலை செய்கிறவர்களுக்கு முன்கூட்டியே மாத்திரை கொடுக்கிறார்களாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கேரள எல்லையான வாளையார் எங்களுக்குப் பைக்கில் போய்வரும் தூரம். அங்கே பெய்கிற மழைதானே இங்கேயும் பெய்கிறது?

மாட்டு டாக்டரிடம் தடுப்பூசி பற்றிக் கேட்டேன். இந்தப் பக்கம் யாரும் போடுவதில்லையே என்றார். கட்டுத்தரைக்குச் சிமெண்டுத் தளம் போட்டோம், அதுவும் நான் சண்டை பிடித்த பிறகு. பெரியம்மா இன்றும் கீழாநெல்லிதான் காப்பாற்றியது என்கிறார்.

இவரோ பால் சொசைட்டியில் உட்கார்ந்து, "எலிக்காய்ச்சலைச் சாதாரணமா நெனச்சுப்போடாதீங்க" என்று போவோர் வருவோருக்கெல்லாம் பாடம் நடத்துகிறார். அவரே கண்டுபிடித்த மாதிரி. அந்தப் பேச்சைக் கேட்டு, போன மாதம் காய்ச்சல் கண்ட ஒருவர் நேராக ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பிழைத்துக்கொண்டார். அதனால் என்னால் இவரை ஒன்றும் சொல்ல முடியவில்லை.