எனக்கு வரவேண்டிய ஓர் ஆடி மாதம்

கல்யாண மண்டபத்தில் வேலை பார்ப்பவனுக்கு வருஷத்தில் ஒரே ஒரு மாதம்தான் சொந்தம். அது முகூர்த்தம் இல்லாத ஆடி மாதம். அதை என்னிடமிருந்து முதன்முதலில் பறித்தவர், கல்லூரியில் பூச்சிகளைப் பற்றிப் பாடம் நடத்திய ராஜாமணி வாத்தியார். அவர் இதைப் படித்தால் படிக்கட்டும்.

கோவில்பட்டியில் ஒரு மண்டபத்துக்கு நான் மேனேஜர். பெயர்தான் மேனேஜர். சாவி, துடைப்பம், ஜெனரேட்டர், காணாமல் போன செருப்பு எல்லாம் என் பொறுப்பு. ஊரே விருந்து சாப்பிடும் நாளில் உங்களுக்கு மட்டும் வேலை இருந்திருந்தால் என் பாடு உங்களுக்குப் புரியும். தங்கச்சி மகன் கல்யாணத்துக்குக்கூட என்னால் போக முடியவில்லை. ஆடி பிறந்ததும் மண்டபத்தைப் பூட்டிவிட்டுக் குளத்தூருக்குப் பஸ் ஏறுவேன். அங்கே மகள் வீடு. அவர்கள் தெரு அம்மன் கோயில் கொடைத் திருவிழா ஆடியில்தான் வரும். பேரனைத் தோளில் உட்காரவைத்துக் கொடை பார்க்கவேண்டும். அதைத் தவிர நான் யாரிடமும் எதுவும் கேட்டதில்லை.

என்னைக் கேட்காமல் கொடுத்தது

தொண்ணூறுகளில் ஒருநாள் ராஜாமணி வாத்தியார் எங்கள் முதலாளியைப் பார்க்க வந்தார். பருத்திப் பூச்சி பற்றி விஞ்ஞானிகள் கூடிப் பேசுகிற மாநாடு மெட்ராஸில் பெரிய ஓட்டலில் நடக்குமாம். உள்ளே நுழையவே பணம் கட்ட வேண்டும்; தங்குவதற்குத் தனியாக வேறு. "எங்க பிள்ளைக அந்த வாசப்படி ஏற முடியாது அண்ணாச்சி. அதனால விஞ்ஞானிகளை இங்கன கூட்டிட்டு வாரேன்" என்றார். முதலாளிக்கு மனசு இளகிவிட்டது. "ஆடியில பூட்டித்தான கெடக்கு. கரண்டுச் செலவை மட்டும் பாத்துக்கோங்க. எல்லா வருஷமும் எடுத்துக்கோங்க" என்றார். பக்கத்தில் நின்ற என்னை இரண்டு பேரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வெளியே வந்ததும் வாத்தியாரை மறித்தேன். குளத்தூர், கொடை, பேரன் எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு என் தோளில் கை போட்டார். "இந்த ஒரு ஆடி மட்டும் குடுங்க அண்ணாச்சி. அடுத்த ஆடி உங்களுக்கு."

வாசலில் வாழைமரம்

மாநாடு என்றால் என்ன செய்யவேண்டும் என்று எனக்கோ சமையல்கார சங்கையாவுக்கோ தெரியாது. "கல்யாணத்துக்குச் செய்யுத மாதிரியே செஞ்சிருங்க" என்று வாத்தியார் சொல்லிவிட்டார். செய்தோம். வாசலில் குலையோடு வாழைமரம், சந்தனம், கற்கண்டு, பன்னீர்ச் செம்பு. காலை டிபன் முடிவதற்குள் தெருவே கூடிவிட்டது. ஆடி மாதத்தில் வாழைமரம் கட்டினால் அது ஓடிவந்த ஜோடியாகத்தானே இருக்க வேண்டும்? எதிர்த்த பாத்திரக்கடை அண்ணாச்சி சட்டைகூடப் போடாமல் ஓடி வந்தார். "ஏலே, ஆடியில எவம்லே தாலி கட்டுதான்? பொண்ணு வீட்டுக்குத் தெரியுமா?"

நான் வரவேற்புப் பலகையைக் காட்டினேன். மணமக்கள் பெயர் எழுதுகிற இடத்தில் மாணவர்கள் பருத்தியைத் தின்கிற ஒரு காய்ப்புழுவை வரைந்து வைத்திருந்தார்கள். பச்சைப் பசேலென்று, ஒரு முழ நீளத்துக்கு. அண்ணாச்சி அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சந்தனத்தைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டு, "பொண்ணு பேரு போடுத எடத்துல புழுவப் போட்டிருக்கீக. நல்லா இருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தாழ்ப்பாள்

மாணவர்களுக்குத் தங்க வாடகை கிடையாது. பையன்களுக்குக் கூடத்தில் ஜமுக்காளம், பெண்களுக்கு மணப்பெண் அறை. இடைசெவலிலிருந்து ரங்கநாயகி என்று ஒரு பிள்ளை வந்தாள். அவள் தகப்பனாரின் பருத்திக் காட்டில் செடி செடியாகப் புழு எண்ணி வைத்திருந்தாள். அதை யாராவது பெரியவர்களிடம் சொல்லிச் சரியா தப்பா என்று கேட்கவேண்டும் என்பதுதான் அவள் ஆசை. மெட்ராஸுக்கு அனுப்ப முடியாது என்று தகப்பனார் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாராம்.

கோவில்பட்டிக்கு அவரே சைக்கிளில் வந்தார். மாநாட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேரே மணப்பெண் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தி உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, "வெளிய இருந்து தள்ளும்வே!" என்று கத்தினார். தோளைக் கொடுத்துத் தள்ளினேன். "சாப்பிடலியா? நல்லாத் தள்ளும்!" சங்கையாவும் வந்து சேர்ந்து தள்ளினான். கதவு அசையவில்லை. உள்ளேயிருந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். "பிள்ளை இருக்கட்டும். புழுவப் பத்தி என்னமும் பேசிக்கிடட்டும்."

இலை போட்ட பிறகு

ஹைதராபாத்திலிருந்து ஒரு பெரிய விஞ்ஞானி வந்திருந்தார். காலையிலிருந்து ரங்கநாயகி அவரிடம் பேசப் பார்க்கிறாள். சுற்றி நிற்கிற கூட்டத்தைத் தாண்ட முடியவில்லை. போவாள், திரும்பி வருவாள், தூணைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். மத்தியானம் பசி தாங்காமல் பிள்ளைகள் எல்லாரும் முதல் பந்தியில் உட்கார்ந்துவிட்டார்கள். கல்லூரி பிரின்சிபால் விஞ்ஞானியைக் கூட்டிக்கொண்டு வந்தார். பிள்ளைகளைப் பார்த்து, "எல்லாம் எந்திரிங்க. பெரியவங்க உக்காரட்டும்" என்றார்.

பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள். சங்கையா சாம்பார் வாளியோடு குறுக்கே வந்து நின்றான். மாப்பிள்ளையின் தாய்மாமனே வந்தாலும் இலை முன்னால் உட்கார்ந்தவர்களை எழுப்ப விடமாட்டான். அது அவன் பிடிவாதம். "ஒக்காருங்க பிள்ளைகளா" என்று அதட்டினான். என் வேலை போய்விடுமே என்று நான் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தேன். விஞ்ஞானியோ சிரித்துக்கொண்டே போய், காலியாக இருந்த ஓர் இலையில் உட்கார்ந்துவிட்டார். பக்கத்து இலை ரங்கநாயகி. இங்கிலீஷில் வாய் வரவில்லை அவளுக்கு. அவர் யாரிடமோ தெலுங்கில் தண்ணீர் கேட்டார். அவ்வளவுதான், அவள் வீட்டிலே பேசுகிற பாஷை! மடை திறந்துவிட்டது. பாயசம் வருவதற்குள் அவர் குழம்பைத் தொட்டு இலையில் செடி வரைந்து அவளிடம் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். சாயங்காலம் மேடையில் நீயே பேசு என்றும் சொல்லிவிட்டார். இடமில்லாமல் நின்ற பிரின்சிபாலிடம் சங்கையா சொன்னான்: "அடுத்த பந்தியில மொத இலை உங்களுக்குத்தான் சார். கோவிச்சுக்கிடாதீக."

கொடைக்கு எடுத்த வேட்டி

படம் காட்டத் திரை இல்லை. கொடைக்கு உடுத்த எடுத்து வைத்திருந்த என் புது வேட்டியை வாத்தியார் கேட்காமலே மணமேடையில் கட்டிவிட்டார். ஆடிக் காற்று எங்கள் கரிசல் ஊரில் எப்படி வீசும் என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. ரங்கநாயகி பேச ஆரம்பித்ததும் வேட்டி உப்பியது, படத்திலிருந்த புழு நெளிந்தது, கூட்டம் சிரித்தது. பிள்ளை பாதியில் நிறுத்திவிட்டு மேடைப் படியைப் பார்த்தாள். அவள் அழுதுகொண்டே இறங்கினால் தகப்பனார் இன்னொரு தடவை அனுப்பமாட்டார் என்று எனக்குத் தெரியும். வேட்டிக்குப் பின்னால் போய்க் குத்தவைத்து, கீழ் முனை இரண்டையும் இழுத்துப் பிடித்துக்கொண்டேன். அவள் எழுதிக் கொண்டுவந்து படித்த பேச்சு முழுக்க இங்கிலீஷ். எனக்குத் தெரிந்தது வெளிச்சம் மட்டும்தான். கடைசியில் கைதட்டல் கேட்டபோதுதான் முடிந்துவிட்டது என்று புரிந்து எழுந்தேன், முழங்கால் நிமிரவில்லை.

அன்றைக்குத்தான் குளத்தூரில் கொடை. எஸ்.டி.டி. பூத்திலிருந்து மகளுக்குப் போன் போட்டேன். பின்னால் மேளச் சத்தம் கேட்டது. "தாத்தா எங்கன்னு பிள்ளை கேட்டுக்கிட்டே இருக்கான்ப்பா. புழுவுக்கு வேட்டி பிடிக்கப் போயிருக்காருன்னு சொல்லி வச்சிருக்கேன்" என்றாள்.

மறுபடியும் தோளில் கை

அடுத்த ஆடியிலும் வாத்தியார் வந்தார். அதற்கு அடுத்ததிலும் வந்தார். ஒவ்வொரு தடவையும் அதே கை, அதே பேச்சு. ஒருவழியாக அவர் ஓய்வு பெற்றார். கல்லூரியில் ஏ.சி. அரங்கம் கட்டி மாநாட்டை அங்கே கொண்டுபோனார்கள். கட்டணமும் ஏ.சி.க்குத் தகுந்த மாதிரி வைத்தார்கள். எனக்கென்ன? என் ஆடி எனக்குத் திரும்பி வந்துவிட்டதே!

பையைத் தூக்கிக்கொண்டு வாசல் கேட்டைப் பூட்டிக்கொண்டிருந்தேன். வழியனுப்ப வந்த சங்கையா பக்கத்தில் நின்றான். அப்போது ரங்கநாயகி வந்தாள். வேறு ஊரில் ஒரு கல்லூரியில் அவளே வாத்தியாராகிவிட்டாள். பின்னால் அவளுடைய மாணவிகள், சுருட்டி அக்குளில் இடுக்கிய சார்ட் பேப்பர்களோடு நின்றார்கள். அரங்கத்து வாசலில் கட்டணம் கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். "ஹைதராபாத் ஐயா வந்திருக்காரு அண்ணாச்சி. சங்கையா அண்ணன் இலை போட்டா சாயங்காலம் இங்கன வாரேன்னு சொல்லிட்டாரு" என்றாள். நான் திரும்பிப் பார்ப்பதற்குள் சங்கையா என் பையை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டான்.

"கொடைக்குப் போகணும் தாயி" என்றேன். பிள்ளைகள் எல்லாம் என் கையிலிருந்த சாவியையே பார்த்தார்கள். ரங்கநாயகி பக்கத்தில் வந்து என் தோளில் கை வைத்தாள். "இந்த ஒரு ஆடி மட்டும் அண்ணாச்சி. அடுத்த ஆடி உங்களுக்கு."

கடன் வாங்கிய வாத்தியார் ஓய்வு பெற்றுவிட்டார், அவர் மாணவி அதே கடனைப் புதுப்பித்துவிட்டாள், தோளில் தூக்கவேண்டிய பேரன் என் தோளுயரத்துக்கு வளர்ந்துவிட்டான். இருந்தாலும் அந்த ஓர் ஆடியை நான் விட்டுக்கொடுத்துவிட்டதாக யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம்.