நீலப் புள்ளி யாருடையது

கெலுகோரில் பழைய கேமரா விற்கும் கடைக்காரனோடு இன்று மதியம் சண்டை போட்டுவிட்டு வந்து இதை எழுதுகிறேன்.

அவன் இணையத்தில் நடத்தும் ஏலத்தில் நேற்று ஒரு லென்ஸை நானூறு வெள்ளிக்கு எடுத்தேன். சந்தேகம் வந்து, இதுவரை நான் கலந்துகொண்ட அவனுடைய எல்லா ஏலங்களையும் வரைபடமாகப் போட்டேன். பதவி உயர்வு தராத ஓர் அலுவலகத்துக்கு இருபது வருடம் வரைபடம் போட்டுக் கொடுத்தவன் நான்.

நான் கேட்ட விலை சிவப்புப் புள்ளி. ஒவ்வொரு சிவப்புக்கும் அடுத்த நிமிடமே ஒரு நீலப் புள்ளி, எப்போதும் ஒரே ஆள். என் உச்ச விலைக்குப் பத்து வெள்ளி கீழே வந்ததும் நீலம் நின்றுவிடும். ஒரு தடவையும் தப்பவில்லை.

கைப்பேசியை அவன் முகத்துக்கு நேரே நீட்டினேன். “இந்த நீலம் யாரு?”

“என் மச்சான், அண்ணே.” கூசவே இல்லை.

“ஏத்திவிட்ட காச திருப்பிக் குடு.”

“நானூறு வரைக்கும் போவேன், எனக்கே வரணும்னு நீங்கதானே மெசேஜ் போட்டீங்க. உங்களுக்குத்தானே வந்துச்சுலா.”

ஒவ்வொரு ஏலத்துக்கும் முன்னால் அப்படித்தான் செய்தி அனுப்பியிருக்கிறேன். தமிழன், நமக்காகப் பார்த்துச் செய்வான் என்ற நம்பிக்கை. காசு வரவில்லை.

உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் கீழே எழுதுங்கள். உச்ச விலையை மட்டும் எழுதாதீர்கள். மச்சானும் இதைப் படிக்கிறான்.