தூதர் ஓய்வில் இருக்கிறார்

அன்று பெட்டிக்குள் இருந்தவர்கள் நான்கு பேர்: கேப்டன், டாக்டர், வேற்றுக்கிரகத்து ராஜா, தூதரக அதிகாரியாகிய நான். பெட்டிக்கு வெளியே, செம்மண் தரையில் கோணி விரித்து உட்கார்ந்திருந்தவர்கள் எங்கள் தெருப் பிள்ளைகள் ஏழு பேர், ராஜாவின் அம்மா, அவர் மடியில் தூங்கிப்போன கைக்குழந்தை, என் அத்தை. காசு வாங்க நின்றவன் ராஜாவின் தம்பி. எல்லோருக்கும் கடைசியாக வந்து வேலியோரம் நின்றவர் என் அப்பா. கைக்குழந்தைக்குக் காசு கிடையாது என்று முன்பே பேசியிருந்தோம். மற்றவர்கள் எல்லோரும் கொடுத்துவிட்டார்கள், அப்பாவைத் தவிர.

பெட்டி என்றால், வெளிநாட்டிலிருந்து சுரங்கத்துக்கு இயந்திரம் வந்த மரப்பெட்டி. உள்ளே நான்கு பேர் தாராளமாக நிற்கலாம். அதன் பக்கவாட்டில் ஒரு குடைப்படமும் ஒரு கண்ணாடிக் கிளாஸ் படமும் கறுப்பு மையில் அச்சடித்திருக்கும். அடிப்பலகையை யாரோ அடுப்புக்குக் கழற்றிக்கொண்டு போய்விட்டதால் தரை வெறும் மண். முன்பக்கம் சதுரமாக வெட்டி, பழைய வேட்டியைத் திரைச்சீலையாகத் தொங்கவிட்டிருந்தோம். அதுதான் டெலிவிஷன். நெய்வேலியில் அப்போது யாரும் டெலிவிஷனைப் பார்த்ததில்லை. கேப்டனின் அப்பா மட்டும் பார்த்திருந்தார். அவர் இன்ஜினியர். பயிற்சிக்காக ஜெர்மனிக்குப் போய் ஒரு வருடம் இருந்துவிட்டு வந்தவர். அங்கே தங்கியிருந்த விடுதிக்கூடத்தில் வாராவாரம் ஒரு கதை வருமாம். ஒரு கப்பல் ஆகாயத்தில் கிரகம் கிரகமாகப் போகும். அதில் ஒரு கேப்டன், ஒரு டாக்டர், போகிற இடத்தில் ஒரு ராஜா. இதையெல்லாம் அவர் மகனுக்குச் சொல்ல, மகன் எங்களுக்குச் சொல்ல, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் எங்கள் தெருக்கோடியில், ஆளுக்கு ஐந்து பைசாவுக்கு, அந்தக் கப்பல் பறந்தது.

யாருக்கு எந்த வேஷம் என்று நாங்கள் பேசி முடிவு செய்யவில்லை. குவார்ட்டர்ஸின் அளவு முடிவு செய்தது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் தோட்டம் வைத்த பெரிய வீட்டுப் பையன் கேப்டன். போர்மன் வீட்டுப் பெண் டாக்டர். ஆபீஸ் கிளார்க்கின் மகன் ராஜா. எனக்குச் சொந்தமாகக் குவார்ட்டர்ஸே கிடையாது. நான் இருந்தது அத்தை வீடு, அதுவும் ஒர்க்‌ஷாப்பில் ஹெல்பராக இருந்த மாமாவுக்குக் கொடுத்த ஒற்றை அறை வீடு. கணக்குப்படி எனக்கு வேஷமே வந்திருக்கக் கூடாது. கதையில் ஒரு வாரம் மட்டும் வந்துபோன தூதரக அதிகாரி ஒருவர் மிஞ்சியிருந்ததால் வந்தது.

அம்மா பண்ருட்டியில் பிறந்த வீட்டில் இருந்துகொண்டு, தம்பியைத் தூளியில் போட்டுவிட்டு முந்திரி உடைக்கப் போய்க்கொண்டிருந்தாள். அப்பாவுக்குச் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை. அங்கே ஊறுகிற தண்ணீரை இரவும் பகலும் இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்த பம்புகளுக்குக் குழாய் தூக்கிப் பொருத்துகிற ஆட்களில் ஒருவர். வடக்குத்து கிராமத்துப் பக்கம் கான்ட்ராக்டர் போட்ட கொட்டகையில் தங்கியிருந்தார். பள்ளிக்கூடம் நன்றாக இருக்கிறது என்று என்னை மட்டும் அத்தை வீட்டில் விட்டிருந்தார்கள். பர்மனென்ட் ஆனதும் குவார்ட்டர்ஸ் கிடைக்கும், குவார்ட்டர்ஸ் கிடைத்ததும் அம்மாவும் தம்பியும் வந்துவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் என்னைப் பார்க்க வரும்போதெல்லாம் அப்பா இதையே சொல்வார். நானும் புதிதாகக் கேட்பதுபோலக் கேட்டுக்கொள்வேன்.

டவுன்ஷிப்பில் எல்லா வீடும் ஒரே மாதிரி இருக்கும். வந்த புதிதில் பக்கத்து வீட்டுக்குள் போய்த் தண்ணீர் மொண்டு குடித்துவிட்டேன். அதற்கப்புறம் அத்தையின் குரல் உள்ளே கேட்டால்தான் நுழைவேன். அத்தை பேசாமல் வேலை செய்துகொண்டிருந்தால் வாசலிலேயே நிற்பேன். சோறு போடும்போது பாதியிலேயே போதும் என்பேன். அத்தை அப்படியொன்றும் கடுமையானவள் இல்லை. எனக்குத்தான் எல்லாவற்றுக்கும் பயம்.

தூதரக அதிகாரிக்கு ஒரே வசனம். கேப்டன் கப்பலிலிருந்து இறங்கி, ராஜாவின் அரண்மனையில் தூதரைப் பார்க்க வேண்டும் என்பான். நான் குறுக்கே போய் நின்று, “தூதர் ஓய்வில் இருக்கிறார். தாங்கள் காத்திருக்க வேண்டும்” என்பேன். தூதராக நடிக்க ஆள் இல்லாததால் அவர் எழுந்திருக்கவே மாட்டார். அதனால் ஒரு வாரத்தோடு போயிருக்க வேண்டிய என் வேஷம் வாராவாரம் நீண்டது. வாரம் முழுக்க அந்த வசனத்தைச் சொல்லிப் பார்ப்பேன். மற்ற நாட்களில் அத்தை வீட்டுப் பிள்ளை. ஞாயிறு சாயங்காலம் மட்டும் நான் விட்டால்தான் யாரும் உள்ளே போகலாம்.

அப்படி இருக்கையில் ஒரு திங்கட்கிழமை கேப்டன் சொன்னான், “கூட்டம் கொறைஞ்சு போச்சு. வர்ற ஞாயிறு ஒரு ஆள் சாவணும். லைட் துப்பாக்கி வச்சிச் சுடப்போறேன்.”

“ராஜாவையா?” என்றாள் டாக்டர்.

“ராஜா செத்தா கதை ஏது? இவளைத்தான்.”

“என்னையேவா?” என்றேன்.

“உன் வேலை பர்மனென்ட் இல்ல. வாராவாரம் பாத்து வச்சுக்கிறதுதான்.”

அந்த வாரம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. உண்மையான கதையில் அந்த அதிகாரி சாகவில்லை என்று தெரிந்தால் கேப்டனிடம் வாதாடலாம் என்று தோன்றியது. இரண்டு நாள் அந்தப் பெரிய வீட்டு கேட்வரை போய்த் திரும்பினேன். மூன்றாம் நாள் கேப்டனின் அப்பாவே பார்த்துவிட்டுக் கூப்பிட்டார். ஜெர்மனிக் கதையில் வந்த தூதரக அதிகாரி கடைசியில் என்ன ஆனார் என்று கேட்டேன். அவர் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு யோசித்தார். யோசித்ததே எனக்குப் பெருமையாக இருந்தது.

“அந்த ஆளா? கையில ஒரு பைலை வச்சுக்கிட்டு நின்னாரு. ஒரு வாரந்தாம்மா வந்தாரு. அப்புறம் வரலை.”

“செத்துட்டாருங்களா?”

“சாகலை. செத்தா கதையில சொல்லுவாங்க இல்ல? சும்மா, வரலை.”

“ஏங்க வரலை?”

“அதை யாரும் கேக்கலையேம்மா” என்று சிரித்தார்.

இந்தப் பதில் எனக்கு உதவவில்லை. செத்தாலாவது எல்லோரும் பார்ப்பார்கள், சும்மா வராமல் போவது அதைவிட மோசம் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

ஞாயிறு காலையில் அப்பா வரவில்லை. ஷிப்ட் மாறியிருக்கும் என்றாள் அத்தை. சாயங்காலம் மாமாவின் வெள்ளைச் சட்டையை எடுத்துக்கொடுத்தாள். அதுதான் அதிகாரியின் கோட்டு, என் முழங்காலுக்குக் கீழே தொங்கும்.

“செம்மண்ணு பட்டா போவாதுடி. மாமா நாளைக்கு ஆபீசருங்க முன்னாடி போட்டுகினு நிக்கணும். அயுக்காக்கின, தோலை உரிச்சுப்புடுவேன்” என்றாள். பிறகு, என்ன நினைத்தாளோ, “நானும் வரேன், இன்னாதான் பண்றீங்கன்னு பாக்கறேன்” என்று கூடவே கிளம்பி, ஐந்து பைசா கொடுத்து முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டாள்.

திரை தூக்கியதும்தான் எனக்கு விஷயம் உறைத்தது. சுட்டால் விழ வேண்டும். விழுந்தால் மண். அத்தை இரண்டடி தூரத்தில் இருக்கிறாள், அவள் கண் சட்டைமேல் இருக்கிறது. அப்போதுதான் வேலியோரம் அப்பாவைப் பார்த்தேன். தோளில் துணிப்பையும் சுருட்டிய போர்வையும் இருந்தன. ராஜாவின் தம்பி அவரிடம் கை நீட்டிக்கொண்டிருந்தான். அப்பா சட்டைப்பையில் கையை விட்டு விட்டு எடுத்தார்.

“அப்பறமா தரேன் தம்பி. எம் பொண்ணு வந்துடுச்சு, பாக்க வுடு.”

கேப்டன் மிடுக்காக வந்தான். “வழி விடு. நான் தூதரைப் பார்க்க வேண்டும்.”

“தூதர் ஓய்வில் இருக்கிறார். தாங்கள் காத்திருக்க வேண்டும்.”

கேப்டன் டார்ச் லைட்டை என் நெஞ்சுக்கு நேராக அடித்தான். நான் நின்றுகொண்டிருந்தேன். “விழுடி” என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான். மறுபடி அடித்தான். எனக்கு வேறு எதுவும் தெரியாததால், “தூதர் ஓய்வில் இருக்கிறார். தாங்கள் காத்திருக்க வேண்டும்” என்றேன். ஒரு பையன் சிரித்தான். கேப்டன் டார்ச்சைத் தட்டிவிட்டு இன்னொரு முறை அடித்தான். நானும் இன்னொரு முறை சொன்னேன். இப்போது கோணியில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். வேலியோரத்திலிருந்து கேட்ட சிரிப்புதான் எல்லாவற்றையும்விடப் பெரியது. அப்பா அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. கடைசியில் டார்ச் மங்கி, பேட்டரி நின்றுபோனது. டாக்டர் முன்னால் வந்து, “இந்தக் கிரகத்து ஆளுங்களுக்கு லைட் பட்டா ஒண்ணும் ஆவாது கேப்டன், நான் சோதனை பண்ணிப் பாத்துட்டேன்” என்றாள். கைதட்டினார்கள்.

திரையை இறக்கியதும் கேப்டன் என்னை முறைத்தான். ஆனால் அவனும் கைதட்டலைக் கேட்டிருந்தான். “சரி போ, இனிமே நீ பர்மனென்ட்” என்றான்.

எனக்குத் தைரியம் அதிகம் என்று அன்று எல்லோரும் நினைத்தார்கள். சட்டைக்குப் பயந்து நின்றேன் என்பதை நான் சொல்லவில்லை.

அப்பாவிடம் ஓடினேன்.

“எனுக்கு பர்மனென்ட் ஆயிடுச்சுப்பா.”

அப்பா என் தலையில் கை வைத்தார். பிறகு, “எனுக்கு முந்தி நீ ஆயிட்டியே” என்றார். “அந்தத் தூதரு எப்பம்மா எயுந்திருப்பாரு?”

“தெரியாதுப்பா. அதுக்கு ஆளு இல்ல.”

“ஆளு வர்ற வரைக்கும் நீ அதையே சொல்லிகினு இரு.”

ராஜாவின் தம்பி விடாமல் கேப்டனையே கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். “இவங்க காசு குடுக்கல.”

“கடன் கெடையாதுங்க” என்றான் கேப்டன்.

“பர்மனென்ட் ஆபீசரோட அப்பனுக்கே கடன் இல்லீங்களா?” என்றார் அப்பா. கேப்டனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. “வரச்ச தரேன் தம்பி. நீங்க பாட்டுக்கு நடத்துங்க.”

அப்பாவும் அத்தையும் தெருக்குழாய் பக்கம் போய் நின்று பேசினார்கள். சற்று நேரத்தில் அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். நான் குனிந்து சட்டையைப் பார்த்தேன். அழுக்கு இல்லை. ஆனால் இரண்டாவது பொத்தானைக் காணவில்லை. அத்தை அதைப் பார்த்துவிட்டாள், அதற்குத்தான் அழுகிறாள், அப்பாவிடமும் சொல்கிறாள் என்று முடிவு செய்துகொண்டேன். பெட்டிக்குள் புகுந்து மண்ணைக் கையால் துழாவினேன். வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. வெளியில் அப்பா ஒருமுறை என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். பொத்தான் இல்லாமல் போனால் திட்டு விழும் என்று, “தோ வரேம்பா” என்று சொல்லிவிட்டுத் தேடிக்கொண்டிருந்தேன்.

பொத்தான் கிடைத்தது. பலகை இடுக்கில் இருந்தது. அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தபோது அத்தை மட்டும் குழாயடியில் நின்றாள். நான் நீட்டிய பொத்தானை அவள் என்ன ஏது என்று கேட்காமல் வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

“அப்பா எங்கத்த?”

“வடலூர் பஸ்சுக்கு நேரமாச்சுன்னு போயிட்டாருடி. வடக்க எங்கியோ அணை கட்றாங்களாம், அங்க வேலையாம். வா, வூட்டுக்குப் போவலாம்.”

கான்ட்ராக்ட் முந்தின நாளே முடிந்து ஆட்களை அனுப்பிவிட்டார்கள் என்பது எனக்குத் தெரியாது. போர்வையைத் துவைக்கக் கொண்டுவந்தார் என்றுதான் நினைத்திருந்தேன். அன்று ராத்திரி அத்தை என்னைத் திட்டவில்லை, தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். பொத்தானைக் கண்டுபிடித்ததற்கு என்று சந்தோஷப்பட்டேன்.

அப்பாவிடமிருந்து இரண்டு முறை அம்மாவுக்கு மணியார்டர் வந்தது. பிறகு வரவில்லை. விசாரித்துப் போன மாமாவிடம், அந்தப் பெயரில் ஆள் இருந்தார், இப்போது இல்லை என்றார்களாம். விபத்து, நோய் என்று யாரும் சொல்லவில்லை. அந்த வருடப் பரீட்சை முடிந்ததும் அம்மா என்னைப் பண்ருட்டிக்கு அழைத்துக்கொண்டாள். முந்திரி உடைக்கிற இடத்தில் இன்னும் இரண்டு கைகள் தேவைப்பட்டன. பள்ளிக்கூடம் அதோடு சரி.

அதுவரைக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் வெள்ளைச் சட்டையோடு பெட்டிக்குள் நின்றேன். வசனம் சொல்லும்போது பார்வை வேலியோரத்துக்குப் போகும். நான் போன பிறகு அந்த அதிகாரியை என்ன செய்தார்கள் என்று எனக்குத் தெரியாது. சுட்டார்களோ, இல்லை அப்படியே விட்டுவிட்டார்களோ. பர்மனென்ட் ஆனவர் ஆயிற்றே, யாராவது கேட்டிருப்பார்களா என்று இப்போதும் சில சமயம் யோசிப்பேன்.

கேப்டன் வாரம் தவறாமல் கேட்பான், “உங்கப்பா குடுக்கணுமே, எங்க?” ஒருநாள் அத்தை பொறுக்க முடியாமல், “இந்தாப்பா, அந்தக் காசு” என்று முடிச்சை அவிழ்த்தாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு கொடுக்கவே விடவில்லை. அத்தை என்னை ஒருமாதிரி பார்த்தாள்.

வரும்போது தருவதாகச் சொன்னவர் அப்பா. அதை வேறு யாராவது கொடுத்துவிட்டால் அவர் வருவதற்கு என்ன இருக்கிறது? அப்படித்தான் அன்று நினைத்தேன். பாக்கி இருந்தால் மனிதர்கள் திரும்பி வருவார்கள் என்று யார் எனக்குச் சொன்னார்களோ தெரியவில்லை. கேப்டன் இப்போது எந்த ஊரில் இருக்கிறாரோ. என் அப்பா அவருக்குத் தர வேண்டியது ஐந்து பைசா.