பச்சை நூல் விரிப்புகள்

எங்கள் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் ரேடியோ வைக்க அனுமதி கிடையாது. தேவையும் இருக்கவில்லை. எங்களுக்கு ரேடியோக்கா இருந்தார்.

காலையில் அவர் கதவைத் திறக்கும்போதே பேச்சும் கூடவே உள்ளே வரும். அவர் வீட்டுக்காரர் கண்ணாடியை எங்கே தொலைத்தார், மாடிவீட்டுக்காரி யாரோடு சண்டை போட்டாள், எல்லாம் எங்களுக்கு அத்துப்படி. நான் துணி உலர்த்தும் டிரையர் இயந்திரத்தை ஓட்டுகிறவன். அந்த இரைச்சலையும் தாண்டி அவர் குரல் காதைத் துளைக்கும்.

“அக்கா, அந்த வாய்க்குக் கொஞ்சம் லீவு குடுங்க!” என்று கத்துவேன்.

“உன் காதுக்குக் குடு. நீதானே கஷ்டப்படுறே” என்பார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அதே குரலுக்காக இன்றைக்கு நான் ஏங்குகிறேன் என்றால் யார் நம்புவார்கள்?

காய்ந்து வரும் படுக்கை விரிப்புகளை மடிப்பது அவர் வேலை. தனியாளாக அதைச் செய்ய முடியாது. இரண்டு பேர் எதிரெதிரே நின்று, ஆளுக்கு இரண்டு முனைகளைப் பிடித்து உதறி, இழுத்து, நடந்து வந்து ஒருவர் முனையை மற்றவர் கையில் சேர்க்க வேண்டும். எந்த வார்டின் விரிப்பு என்று தெரிய மூலையில் கலர் நூலால் தைத்திருக்கும். மடித்து முடித்தால் அந்த நூல் வெளியே தெரிய வேண்டும். உள்ளே போய்விட்டால் பிரித்துத் திரும்ப மடிக்க வேண்டியதுதான். ரேடியோக்கா கண்ணை மூடிக்கொண்டு மடித்தாலும் நூல் வெளியேதான் நிற்கும்.

எதிர்முனையைப் பிடிப்பவள் சின்னவள். எங்கள் எல்லோருக்கும் இளையவள் என்பதால் அந்தப் பெயர். இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். அவள் கணவர் காய்ச்சல் முற்றி எங்கள் ஆஸ்பத்திரியிலேயே, பச்சை நூல் வார்டிலேயே, இறந்துபோனார்.

அவள் திரும்ப வேலைக்கு வந்த அன்று முதல் தள்ளுவண்டியிலேயே பச்சை நூல் விரிப்புகள். முனையைப் பிடித்தவள் அந்த நூலைப் பார்த்ததும் கையை விட்டுவிட்டாள். விரிப்பு தரையில் விழுந்தது. மறுநாளும் அதே கதை.

“என்னால முடியலண்ணே. வேலைய விட்டு நின்னுடலாம்னு இருக்கேன்” என்றாள் என்னிடம்.

நின்றால் அந்தப் பிள்ளைகளின் கதி என்ன? அது எங்கள் எல்லோர் மனதையும் அரித்தது. ஆனால் என்ன சொல்வதென்று ஒருவருக்கும் தெரியவில்லை. அவள் கணவரின் பேச்சு வந்துவிடக் கூடாதே என்று வாயைப் பொத்திக்கொண்டு நடமாடினோம்.

ரேடியோக்கா மட்டும், மறுபடி விழுந்த விரிப்பை எடுத்து அவள் கையில் திணித்தார். “ஏண்டி, உன் வீட்டுக்காரர் குறட்டை விடுவாரா?” என்று கேட்டார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்த அம்மாவுக்கு இடம் பொருள் ஏவல் ஒன்றும் கிடையாதா?

சின்னவள் மூலையிலிருந்த பச்சை நூலைத் தடவிப் பார்த்தாள். பிறகு, “விடுவாருக்கா” என்றாள்.

“எப்படி? எங்க வீட்டுல லாரி மேடேறுற மாதிரி இருக்கும்.”

“இவரு விசில் மாதிரிக்கா. மெல்லிசா. பிள்ளைங்க ரெண்டும் பக்கத்துல உக்காந்து கூடவே ஊதுங்க.”

சொல்லிக்கொண்டே சிரித்துவிட்டாள். சிரிப்பு பாதியிலேயே அழுகையாகிவிட்டது. ரேடியோக்கா தன் முனைகளை விடாமல் காத்துக்கொண்டு நின்றார். அவர் பேசாமல் நின்று நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அன்றிலிருந்து ரேடியோக்காவின் மடிப்பு கெட்டுப்போனது. சிவப்பு நூலும் நீல நூலும் ஒழுங்காக வரும். பச்சை வந்தால் மட்டும் நூல் உள்ளே போய்விடும். “அடடா, கண்ணு அவிஞ்சா போச்சு எனக்கு! பிரி, பிரி” என்று முதலிலிருந்து ஆரம்பிப்பார். கூடவே கேள்விகளும் ஆரம்பிக்கும். அவள் வீட்டுக்காரருக்குப் பாட வருமா? கோபம் வந்தால் கத்துவாரா, மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வாரா? சின்னவள் சொல்லி முடிக்கும்வரை அந்த விரிப்பு மடிந்து முடியாது.

சூப்பர்வைசர் எல்லோர் முன்னாலும் அவரைக் காய்ச்சி எடுத்தார். “இத்தனை வருஷ சர்வீஸ்! நூல் எந்தப் பக்கம்னு தெரியாதா?”

“வயசாகுதில்ல சார்” என்று தலையைச் சொறிந்தார் ரேடியோக்கா. நானும் பாவம் என்றுதான் நினைத்தேன்.

மழைக்காலம் முடியும் சமயம், அவர் வழக்கம்போல் பச்சை நூலை உள்ளே தள்ளப் போனார். சின்னவள் முனையைத் திருப்பிப் பிடித்தாள்.

“போதும்க்கா, சரியாவே மடிங்க. நீங்க தப்பா மடிக்கலன்னாலும் நான் பேசுவேன்.”

ரேடியோக்காவின் முகத்தில் அசடு வழிந்தது. “கண்டுபிடிச்சிட்டியா?”

“மொத வாரமே.”

மரமண்டை எனக்கு அப்போதுதான் விளங்கியது. சின்னவள் வேலையை விடவில்லை. இன்றைக்குப் பிள்ளைகள் இருவரும் வளர்ந்து ஆளாகிவிட்டார்கள்.

ரேடியோக்கா ஓய்வு பெற்ற பிறகு மடிக்கவும் இயந்திரம் வந்துவிட்டது. அது தப்பே செய்வதில்லை. சூடான துணி வாசத்தில் அந்த இரண்டு பேரும் எதிரெதிரே நடந்து வந்து, பின்வாங்கி, மறுபடி நடந்து வந்ததெல்லாம் இப்போதும் என் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது.

போன மாதம் ரேடியோக்காவின் கணவர் காலமானார். நானும் சின்னவளும் பார்க்கப் போனோம். முன்னறை நிறைய ஆட்கள் இருந்தும் ஒருவர் வாயிலும் பேச்சில்லை. ரேடியோக்கா ஜன்னலோரமாகச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா போனதிலிருந்து அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை என்றாள் அவர் மகள். ரேடியோக்காவுக்கா பேச்சு நின்றுபோவது? நான் வழக்கம்போல் தரையைப் பார்த்தபடி ஒரு நாற்காலியில் உட்கார்ந்தேன்.

சின்னவள் பின்பக்கம் போய்க் கொடியிலிருந்து ஒரு விரிப்பை உருவிக்கொண்டு வந்தாள். அதன் இரண்டு முனைகளை ரேடியோக்காவின் கையில் திணித்தாள். பழகிய கைகள் தாமாகவே பிடித்துக்கொண்டன. எழுந்து நின்றார். உதறினார்கள், இழுத்தார்கள், நடந்து வந்து முனைகளைச் சேர்த்தார்கள்.

“அடடா, கோணலா மடிச்சிட்டேன்க்கா. பிரிங்க” என்றாள் சின்னவள்.

ரேடியோக்கா அவளை நிமிர்ந்து பார்த்தார்.

“அந்த லாரி மேடேறும்போது கியர் மாத்துமாக்கா?”

ரேடியோக்காவுக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. முனைகளை மட்டும் அவர் விடவில்லை.

“மாத்தாம? பாதி மேட்டுல நின்னு உறுமும்டி. நான் விலாவுல ஒரு குத்து விட்டாத்தான் மறுபடி நகரும்…”

விரிப்பைப் பிரிக்க இடம் போதவில்லை. நான் என் நாற்காலியை ஓரமாக நகர்த்திப் போட்டுக்கொண்டேன்.