எங்கள் லயத்துச் சுவர்ப் படங்கள்

மூணாறில் ஒரு பழைய கிடங்கில் ஓவியக் கண்காட்சி. பேர்பெற்ற ஓவியர்களின் படங்களோடு ஜீப் ஓட்டுநர்களும் பள்ளிப் பிள்ளைகளும் வரைந்தவையும் கலந்து தொங்கின. எண்ணெய்ச் சாயத்தின் வாடை மூக்கில் ஏறியதும் தேயிலைத் தோட்டத்துக் கூலி வீடுகளின் வரிசையில், எங்கள் லயத்து வீட்டுச் சுவர் கண்முன் வந்து நின்றது.

அம்மா தேயிலைக் கொழுந்து கிள்ளுகிறவள். தோட்டத்துத் துரை பங்களாவில் தூக்கிப் போட்ட குதிரை ஓவியம், டாக்கீஸ்காரர் கொடுத்த சினிமா பேனர்த் துண்டு, நான் கரியால் வரைந்த எருமைப் படம் எல்லாவற்றையும் ஒரே சுவரில் மாட்டியிருந்தாள்.

ஒரு மத்தியானம் அப்பா குடித்துவிட்டு, தேயிலைச் செடியைக் கழிக்கும் கவாத்துக் கத்தியோடு வந்தார். "புருசனுக்குச் சோறில்ல, சுவத்துக்கு அலங்காரமா?" என்று குதிரையைக் குறுக்கே கிழித்தார். பேனரில் இருந்த முகத்தைக் கொத்தினார். அம்மா அசையவில்லை. கத்தி என் எருமைப் பக்கம் திரும்பியதும் பாய்ந்து கத்தியின் அலகையே பிடித்துக்கொண்டாள். விரலிடுக்கில் ரத்தம் கொட்டியது.

"இது எம்பிள்ள வரைஞ்சது. தொட்டுப் பாரு!"

அவர் இழுத்தார்; அவள் விடவில்லை. மறு கையால் விறகுக் கட்டையை எடுத்து அவர் தோளில் ஓங்கி அடித்தாள். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. வாசலில் சுருண்டு விழுந்தவரைப் பக்கத்து வீட்டார் தூக்கிப் போனார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து மலைக்குக் கீழே போடி ஊருக்குப் போனவர் பிறகு திரும்பவே இல்லை.

மறுநாள் அம்மா கட்டுப்போட்ட கையோடு மைதாப் பசை காய்ச்சி, கிழிந்ததையெல்லாம் ஒட்டினாள்.

"கோணலா இருக்கும்மா."

"இருக்கட்டும்டி. இனி யாரும் கிழிக்க மாட்டாக."

"சேச்சி, ரொம்ப நேரமா ஒரே படத்தையே பாக்குறீங்களே" என்றாள் கண்காட்சியில் பக்கத்தில் நின்ற மலையாளப் பெண். நான் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அடுத்த படத்துக்கு நகர்ந்தேன்.